கோடு மலிந்தது, கையெழுத்து கனக்கிறது

1996இல் பிரான்ஸின் போர்தோ நகராட்சி, ஊரில் உள்ள சதுக்கங்களை அழகுபடுத்தும் வேலையில் இறங்கியிருந்தது. அதில் லெயோன் ஓகோக் என்ற சின்ன முக்கோணச் சதுக்கம் ஆன் லகாத்தோன், ழான்-பிலிப் வசால் என்ற இரு கட்டடக் கலைஞர்களிடம் வந்தது. சுற்றிலும் மரங்கள், உட்கார பெஞ்சுகள், பந்து விளையாட ஒரு திடல். இருவரும் அங்கே போய் நேரம் செலவழித்தார்கள், குடியிருப்பவர்களிடம் பேசினார்கள். கடைசியில் நகராட்சிக்குச் சொன்ன ஆலோசனை இதுதான்: எதையும் கட்ட வேண்டாம். சரளைக் கல்லை மாற்றுங்கள், அடிக்கடி பெருக்குங்கள், மரங்களுக்கு வைத்தியம் பாருங்கள், வண்டிகள் போகும் வழியைக் கொஞ்சம் திருத்துங்கள். போதும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்தி, ஆஹா என்று தலையாட்டுவார்கள். எனக்கு அடுத்த கேள்விதான் பெரிதாகப் படுகிறது. இந்த ஆலோசனைக்கு எவ்வளவு பில் போடுவது?

விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆர்க்கிடெக்ட் தொழிலில் இன்று பேசப்படும் பிரச்சினைகள் பல. செயற்கை நுண்ணறிவு வேலையைப் பறிக்குமா, இளைஞர்கள் ஏன் தொழிலை விட்டுப் போகிறார்கள், காப்பீட்டுப் பிரீமியம் ஏன் ஏறுகிறது, இடிப்பதா புதுப்பிப்பதா. தனித்தனியாகத் தெரியும் இவற்றுக்கு அடியில் ஒரே கோளாறு ஓடுகிறது. இந்தத் தொழில் வரைவதற்குக் காசு வாங்குகிறது. ஆனால் சமூகத்துக்கு அதனிடமிருந்து வேண்டியது தீர்மானமும் பொறுப்பும். வரைவது நாளுக்கு நாள் மலிந்துவருகிறது, பொறுப்பின் எடை நாளுக்கு நாள் கூடுகிறது. இடையில் இருக்கும் பள்ளத்தில்தான் எல்லோரும் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

கட்டணம் எப்படி வாங்குகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்பது பழைய வழி. மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வது இன்னொன்று. மணிக்கணக்கு மூன்றாவது, அதை வாடிக்கையாளர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. சதவீத முறையில் இருக்கும் கோணல் வெளிப்படையானது. செலவை மிச்சப்படுத்திக் கொடுக்கும் கட்டடக் கலைஞர் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறார். பெரிதாகக் கட்டினால் பெரிய கூலி, சின்னதாகக் கட்டினால் சின்னக் கூலி, கட்டாமல் விட்டால் ஒன்றுமில்லை.

அந்த முறையும் ஒரு காலத்தில் பாதுகாப்பாக இருந்தது. தொழில் அமைப்புகள் கட்டண அட்டவணை போட்டுவைத்திருந்தன; அதற்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. அமெரிக்காவில் அரசு இதைப் போட்டிக்கு எதிரான ஏற்பாடு என்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. கட்டணப் போட்டியைத் தடுக்கும் விதியைக் கைவிட 1972இல் அங்கிருந்த கட்டடக் கலைஞர் அமைப்பு ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 1980களின் தொடக்கத்தில் கட்டாய அட்டவணை வெறும் பரிந்துரையாகச் சுருங்கியது. ஜெர்மனிதான் கடைசி வரை பிடிவாதமாக நின்றது. அங்கே 1970களிலிருந்து குறைந்தபட்ச, அதிகபட்சக் கட்டணங்களைச் சட்டமே நிர்ணயித்தது. 2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அது ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது; 2021 தொடக்கத்திலிருந்து அந்த எண்களுக்குக் கட்டாயம் இல்லை.

நுகர்வோர் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. விலையைக் கூட்டாக நிர்ணயிக்க எந்தத் தொழிலுக்கும் உரிமை கிடையாது. ஆனால் தடுப்புச் சுவர் போன பிறகு நடந்தது விலையில் மட்டுமான போட்டி. நல்ல தீர்மானத்துக்கும் மோசமான தீர்மானத்துக்கும் உள்ள வித்தியாசம் இருபது வருடம் கழித்துத்தான் தெரியும். கட்டண வித்தியாசம் டெண்டர் கவரைப் பிரித்ததும் தெரிந்துவிடும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வேலையைப் பிடிக்க வேலையை இலவசமாகச் செய்து காட்டும் தொழில் இது. ஹெல்சிங்கியில் குகன்ஹைம் அருங்காட்சியகம் கட்ட 2014இல் திறந்த போட்டி வைத்தார்கள். வந்து குவிந்தவை 1,715 வடிவமைப்புகள். 2015இல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016 இறுதியில் நகரமன்றம் திட்டத்தையே வேண்டாம் என்று தள்ளிவிட்டது. 1,715 அலுவலகங்களில் எத்தனை ராத்திரிகள் எரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். அத்தனை பேரும் விரும்பித்தானே கலந்துகொண்டார்கள் என்று கேட்கலாம். ஆமாம், அதுதான் சிக்கலே.

சரி, வரைவதற்கு வருவோம். கட்டடக் கலைஞர் என்பவர் கட்டுபவரிடமிருந்து பிரிந்து தனி ஆளானதே வரைபடத்தால்தான். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் லியோன் பத்திஸ்தா ஆல்பர்த்தி, ரிமினி நகரத் தேவாலயத்தின் வேலையை ரோமிலிருந்தபடி கடிதம் மூலம் நடத்தினார். தூண்களின் அளவையும் விகிதத்தையும் மாற்றினால் அந்த இசையே சுருதி கெட்டுவிடும் என்று, தளத்தில் இருந்த ஆளுக்கு 1454இல் எழுதினார். யோசிப்பது ஓரிடம், கட்டுவது வேறிடம். நடுவில் தாளும் கோடும். அந்தக் கோடுதான் இத்தனை நூற்றாண்டுகளாக இந்தத் தொழிலின் சரக்கு.

1982இல் கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் வந்தது. வரையும் நேரம் குறைந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்றார்கள். நடந்தது வேறு. ஒரு கட்டடத்துக்கு இருபது தாள் போதும் என்றிருந்த இடத்தில் இருநூறு தாள் கேட்க ஆரம்பித்தார்கள். திருத்துவது சுலபம் என்று தெரிந்ததும் கடைசி நாள் வரை திருத்தச் சொன்னார்கள். அப்புறம் 2000இல் ரெவிட். அதில் வரைவதே கிடையாது. கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியைக் கணினிக்குள் கட்டுவார்கள். தூண், கதவு, குழாய் எல்லாம் தத்தம் அளவு, பொருள் விவரங்களோடு உட்கார்ந்திருக்கும். ஓரிடத்தில் ஜன்னலை நகர்த்தினால் எல்லாத் தாளிலும் நகரும். நல்ல கருவிதான். ஆனால் அதை ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, ஆண்டுச் சந்தா கட்டியாக வேண்டும் என்ற நிலை பிறகு வந்தது. 2020இல் 25 கட்டடக்கலை நிறுவனங்கள், ரெவிட்டை விற்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. விலை ஏறிக்கொண்டே போகிறது, மென்பொருள் அதற்கேற்ப முன்னேறவில்லை என்பது குற்றச்சாட்டு. ஸஹா ஹடித் ஆர்க்கிடெக்ட்ஸ் போன்ற பெரிய பெயர்களும் அதில் இருந்தன. தன் சரக்கைச் செய்யும் உலையை வாடகைக்கு எடுத்திருக்கும் கொல்லனின் நிலைமை.

2022இல் எழுத்தில் கேட்டதைப் படமாக்கித் தரும் மிட்ஜர்னியும் அதன் கூட்டாளிகளும் வந்தபோது இந்தத் தொழிலில் முதலில் ஆடிப்போனவர்கள் ரெண்டர் செய்பவர்கள், அதாவது கட்டப்போகும் கட்டடத்தை நிஜம் போலப் படமாக்குபவர்கள். மழை நனைத்த தெரு, கண்ணாடியில் மாலை வெயில், நடந்துபோகும் ஒரு பெண்ணின் முதுகு என்று ஒரு வாரம் உட்கார்ந்து செய்த படம் ஒரு நிமிடத்தில் வருகிறது. வாடிக்கையாளரே அதைச் செய்து எடுத்துக்கொண்டு வருகிறார். இப்படித்தான் வேண்டும் என்கிறார். முன்பு பேச்சு தேவையில் தொடங்கிப் படத்தில் முடியும். இப்போது படத்தில் தொடங்குகிறது, தேவையைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்துக்கு உள்பக்கம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். படிக்கட்டு சுவரில் போய் முட்டும். மழைநீர் எங்கே இறங்கும் என்று தெரியாது. முப்பதடி நீளக் கூரை எதன் மேலும் தாங்காமல் மிதக்கும். குறுக்காக வெட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்குப் படத்திடம் பதில் இல்லை. கட்டடம் என்பது அந்த வெட்டுத்தோற்றத்தில்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குறையைக் காட்டி நிம்மதியடைவதில் பயனில்லை. மனையின் அளவைக் கொடுத்தால் எத்தனை வீடு, எத்தனை கார் நிறுத்துமிடம் என்று பல மாற்றுத் திட்டங்களைச் சில நிமிடங்களில் போட்டுத் தரும் மென்பொருள்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. கோடு இன்னும் மலியும்.

என் கவலை வேறு. கழிப்பறை விவரப்படம், கதவுப் பட்டியல், படிக்கட்டின் வெட்டுத்தோற்றம். படிப்பை முடித்து வருபவர்களுக்கு முதலில் கொடுக்கும் சலிப்பான வேலைகள் இவை. தொழில் கைக்கு வருவது அங்கேதான். ஒரு கதவு எந்தப் பக்கம் திறந்தால் நெருப்பு நேரத்தில் ஆள் தப்பிப்பான் என்பது நூறு கதவுகளைப் பட்டியல் போட்ட பிறகு உறைக்கிற விஷயம். அந்த வேலைகளைத்தான் இயந்திரம் முதலில் விழுங்கும். பத்து வருடம் கழித்து, இயந்திரம் போட்ட பட்டியலைப் பார்த்து இது தப்பு என்று சொல்லும் மூத்தவர் எங்கிருந்து வருவார்?

அந்த இளையவர்களின் நிலைமை ஏற்கெனவே நன்றாக இல்லை. அமெரிக்காவில் கல்லூரிக்குள் நுழைவதிலிருந்து லைசென்ஸ் கையில் வாங்குவது வரை சராசரியாக 13 ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவரும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம்தான் படிக்கிறார், பின்னால் கிடைக்கும் வருமானம் மட்டும் ஒன்றல்ல. புகழ்பெற்ற அலுவலகத்தில் சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பது பெருமையாகவே கருதப்பட்டது. 2019இல் லண்டன் செர்பென்டைன் கேலரியின் கோடைகால மண்டபத்தை வடிவமைத்த அலுவலகத்தில் சம்பளமில்லாப் பயிற்சியாளர்கள் இருந்தது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. இந்த வேலையில் ஈடுபடும் எல்லோருக்கும் ஊதியம் தர வேண்டும் என்று கேலரி கண்டிப்பாகச் சொன்னது.

அமெரிக்காவில் கதை தொழிற்சங்கம் வரை போனது. 2021 டிசம்பரில் நியூயார்க்கின் ஷாப் ஆர்க்கிடெக்ட்ஸ் ஊழியர்கள் சங்கம் அமைக்கப்போவதாக அறிவித்தார்கள். சில வாரங்களில், 2022 பிப்ரவரியில், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு பெர்ன்ஹைமர் ஆர்க்கிடெக்சர் என்ற சிறிய நிறுவனத்தில் சங்கம் அமைந்தது, முதலாளியே முன்வந்து அங்கீகரித்தார். 2023இல் ஸ்னோஹெட்டா என்ற நிறுவனத்தின் அமெரிக்க அலுவலகங்களில் வாக்கெடுப்பு நடந்து சங்கம் தோற்றது. மூன்று முயற்சியில் ஒன்று. எண்ணிக்கை முக்கியமில்லை. நாங்கள் கலைஞர்கள், தொழிலாளர்கள் அல்ல என்ற பழைய கூச்சம் உடைந்தது முக்கியம். ராத்திரி வேலையைக் கலையார்வம் என்று சொல்லி மறைப்பதற்கும், கட்டணத்தைக் குறைத்து டெண்டர் போடுவதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. குறைத்துப் போட்ட தொகையை யாரோ தன் தூக்கத்திலிருந்து கட்டுகிறார்கள்.

பெயர் யாருக்குப் போகிறது என்பதும் இங்கேயே வரும். 1991இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு ராபர்ட் வெஞ்சூரிக்குக் கொடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் அவரோடு சேர்ந்து உழைத்த டெனிஸ் ஸ்காட் பிரவுனின் பெயர் அதில் இல்லை. 2013இல் மாணவர்கள் மனு போட்டும் பரிசுக் குழு மாற்றவில்லை. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் ஸஹா ஹடித், அதுவும் 2004இல்தான். பல நாடுகளில் கட்டடக்கலை வகுப்புகளில் பாதிப் பேர் பெண்கள். நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்குப் போகும் வழியில் அந்தப் பாதி காணாமல் போகிறது.

இனி கையெழுத்து. 2017 ஜூன் 14 அதிகாலை லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 24 மாடி, 72 உயிர்கள். 1970களில் கட்டிய கான்கிரீட் கட்டடம் அது. தீ ஒரு வீட்டுக்குள் அடங்கிப்போயிருக்க வேண்டும். 2016இல் முடிந்த புதுப்பிப்பில் வெளியே மாட்டிய பலகைகள்தான் தீயை மேலே ஏற்றின. அலுமினியத் தகடு இரண்டுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்த பலகை. முதலில் யோசித்தது துத்தநாகப் பலகை. செலவைக் குறைக்க இதற்கு மாறினார்கள்.

விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தது. பலகை செய்தவர்கள், விற்றவர்கள், ஒப்பந்ததாரர், உள்ளாட்சி, அரசு, கட்டடக் கலைஞர் என்று ஒருவரையும் அது விடவில்லை. படிக்கும்போது அடிவயிற்றைப் பிசைவது, ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்ததுதான். கட்டடக் கலைஞர், தீ ஆலோசகர் பார்ப்பார் என்று நினைத்தார். ஒப்பந்ததாரர், கட்டடக் கலைஞர் பார்ப்பார் என்று நினைத்தார். பலகை மாட்டியவர், உள்ளாட்சியின் கட்டட ஆய்வாளர் பார்ப்பார் என்று நினைத்தார்.

இது ஒரு கட்டடத்தின் கோளாறு மட்டும் அல்ல. வேலை நடக்கும் முறையே அப்படித்தான் மாறியிருந்தது. முன்பு கட்டடக் கலைஞர் உரிமையாளரின் ஆள். ஒப்பந்ததாரர் செய்வதைக் கண்காணிப்பார். இப்போது பல இடங்களில் வடிவமைப்பு, கட்டுமானம் இரண்டையும் ஒப்பந்ததாரரே ஒரே விலைக்கு எடுத்துக்கொள்கிறார். பாதி வழியில் கட்டடக் கலைஞரும் அவருக்குக் கைமாற்றப்படுகிறார். இனி சம்பளம் தருபவர் ஒப்பந்ததாரர். அவர் ஒரு பொருளுக்குப் பதில் மலிவான வேறொன்றைக் கேட்டால் முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு முதுகெலும்பு இருக்கும்? கூடவே முகப்புக்கு ஓர் ஆலோசகர், தீக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், ஆற்றலுக்கு ஒருவர். பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க அபாயம் குறையும் என்று தொழில் நம்பியது. அதிகாரமும் சேர்ந்து கரைந்துபோனதைக் கவனிக்கவில்லை.

பிரிட்டன் 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 18 மீட்டரோ ஏழு மாடியோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புகளுக்குக் கட்டத் தொடங்கும் முன்பே ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். வடிவமைப்புக்குத் தலைமைப் பொறுப்பாளர் இன்னார் என்று பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். என்ன கட்டினோம், எதை ஏன் மாற்றினோம் என்ற தகவல் கட்டடத்தின் ஆயுள் முழுக்கக் கணினியில் இருக்க வேண்டும். வீடுகளில் குறை இருந்தால் வழக்குப் போட முன்பு ஆறு ஆண்டுகள் அவகாசம். புதிய கட்டடங்களுக்கு அது 15 ஆண்டுகள், சட்டத்துக்கு முன்பே முடிந்தவற்றுக்குப் பின்னோக்கி 30 ஆண்டுகள். ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவர் இளமையில் போட்ட கையெழுத்தும் கணக்கில் வருகிறது. தொழில்முறைக் காப்பீட்டின் பிரீமியம் எகிறியதிலும், சில காப்பீட்டாளர்கள் தீப் பாதுகாப்பை ஒப்பந்தத்திலிருந்தே விலக்கியதிலும் ஆச்சரியம் என்ன? ஆனால் இந்தக் கனத்துக்கு ஏற்ப கட்டணம் ஏறவில்லை. அது இன்னமும் தாள் எண்ணித்தான் பேசப்படுகிறது.

கார்பன் கணக்கும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. ஆற்றலாலும் தொழில்துறையாலும் வெளியாகும் கார்பன் டை ஆக்ஸைடில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சேர்ந்தது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். சிமென்ட் மட்டுமே உலக வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம். நெடுநாள் கவனம் முழுக்க விளக்கு, ஏசி, ஹீட்டர் மேல் இருந்தது. அவை சிக்கனமாக ஆக ஆக, கட்டி முடிக்கும் முன்பே வெளியேறிவிடும் கார்பன் பெரிதாகத் தெரிகிறது. சிமென்ட் சுட்டது, இரும்பு உருக்கியது, லாரி ஓடியது எல்லாம் அதில் சேரும். அதைப் பின்னால் சோலார் வைத்துத் திரும்ப எடுக்க முடியாது. டென்மார்க் 2023 முதல் 1,000 சதுர மீட்டருக்கு மேலான புதிய கட்டடங்களுக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 12 கிலோ என்று உச்சவரம்பு வைத்தது. 2025இல் அதை இன்னும் இறுக்கியது.

மரத்தால் கட்டுவது ஒரு பதிலாகப் பேசப்படுகிறது. நார்வேயின் மியோஸ்டோர்னெட் கட்டடம் 85 மீட்டர், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் உள்ள அசென்ட் அதைவிட ஒரு மீட்டர் சொச்சம் உயரம். பார்க்க நன்றாக இருக்கின்றன. ஆனால் உயரப் போட்டி மரத்திலும் வந்துவிட்டதே என்றுதான் தோன்றுகிறது. தொழிற்சாலையில் செய்து தளத்தில் பூட்டுவது இன்னொரு பதில். சுமார் 200 கோடி டாலர் முதலீடு திரட்டிய கட்டெரா என்ற அமெரிக்க நிறுவனம் 2021இல் திவாலான பிறகு அந்தப் பேச்சில் கொஞ்சம் அடக்கம் வந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட வலுவான பதில், இருப்பதை இடிக்காமல் விடுவது. சிட்னியில் 1976இல் கட்டிய ஓர் அலுவலகக் கோபுரத்தின் கட்டமைப்பில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டே புதிதாக்கிய குவே குவார்ட்டர் டவர், 2022இல் உலகக் கட்டடக்கலை விழாவின் ஆண்டுப் பரிசை வாங்கியது. போர்தோவில் அதே லகாத்தோனும் வசாலும் வேறு இருவரோடு சேர்ந்து 1960களின் 530 அடுக்ககக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். குடியிருப்பவர்கள் உள்ளே வாழ்ந்துகொண்டிருக்கும்போதே முகப்பில் கண்ணாடி அறைகளைப் பொருத்தி ஒவ்வொரு வீட்டையும் பெரிதாக்கினார்கள். 2021இல் இருவருக்கும் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

பரிசு தருகிறார்கள், விதி இன்னும் அதன் பக்கம் முழுதாக வரவில்லை. லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன் பழைய கடையை இடித்துக் கட்ட அனுமதி கேட்டது. 2023இல் அமைச்சர் மறுத்தார், கார்பனும் ஒரு காரணம். 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது, டிசம்பரில் புதிய அரசு அனுமதி கொடுத்துவிட்டது. கட்டடக் கலைஞர்கள் மட்டும் எப்படி? 2019இல் பருவநிலை நெருக்கடியை அறிவித்துப் பெரிய பெயர்கள் எல்லாம் கையெழுத்திட்டார்கள். 2020 டிசம்பரில் விமான நிலைய வேலை பற்றிய தகராறில் ஃபாஸ்டர் நிறுவனமும் ஸஹா ஹடித் நிறுவனமும் விலகிக்கொண்டன. அவர்களைத் திட்டுவது எளிது. கட்டக் கட்டத்தான் காசு என்று வைத்துவிட்டு, கட்டாதே என்று உறுதிமொழி வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

பழைய கட்டடத்தை வைத்துக்கொள்வதில் முதல் வேலை வரைவதே கிடையாது. அசல் வரைபடம் பெரும்பாலும் தொலைந்திருக்கும், கிடைத்தாலும் கட்டியது வேறு மாதிரி இருக்கும். தளத்தில் உருளை வடிவில் துளைபோட்டுக் கான்கிரீட்டை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கம்பி எத்தனை, எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று கருவி வைத்துத் தேட வேண்டும். பொய்க்கூரையைக் கழற்றினால் யாரோ எப்போதோ வெட்டிய உத்திரம் தென்படும். இத்தனையும் பார்த்த பிறகு ஒருவர், இந்தத் தூண் தாங்கும், வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமான கட்டண ஒப்பந்தத்தில் கருத்துவடிவம், விரிவான வடிவமைப்பு, டெண்டர், தள மேற்பார்வை என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். இந்த வேலைக்கு அதில் தனிக் கட்டம் இருப்பது அபூர்வம். பல அலுவலகங்கள் அதைக் கூடுதல் பணி என்று கடைசிப் பக்கத்தில் எழுதுகின்றன, வாடிக்கையாளர் முதலில் அடித்துவிடுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.